தட்டில் இரண்டு பட்டம்

கோட்டுச்சேரிமேடு,
சித்திரை மாதம், செவ்வாய்க்கிழமை காலை.

ஷர்மிளா அப்பாவுக்குத் தாமரைச்செல்வி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

எல்லோரும் சுகம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். உடம்பைக் கேட்டால் சுகம்தான். மற்றதை நீங்கள் கேட்கவே வேண்டாம், நானே எழுதத்தான் போகிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று உங்களுக்குச் சிரிப்பு வரும். உங்கள் அறையில் எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டு வைக்கிறீர்கள். நான் மூக்கை உறிஞ்சினால் பக்கத்துக் கட்டில்காரர் "அக்காவுக்குச் சளியா?" என்று கேட்கிறார். அத்தனை பேர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்க இதையெல்லாம் எப்படிச் சொல்வது? லீவு முடிந்து, அங்கே உங்களோடு கடலுக்குப் போகிற கபீர் நாளைக்கு பஹ்ரைனுக்குத் திரும்புகிறார். சாயங்காலம் வந்து கடிதத்தை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். முடிப்பேனா என்பதுதான் தெரியவில்லை. உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாமல் இதற்குள்ளேயே எழுந்து அடுப்பைப் பார்த்தேன், வாசலைப் பார்த்தேன், காய்ந்த துணியை மறுபடி உதறிப் போட்டேன்.

முதலில் அவசரத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குத் தயாராக இருக்கிறது. மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபம், முகூர்த்தம் எல்லாம் சரி. தாய்மாமன் என்று போட்டு அதற்குக் கீழே மட்டும் காலியாகக் கிடக்கிறது. காரைக்கால் அச்சகத்துக்காரர் விடாமல் போன் செய்கிறார். இன்றைக்குப் பெயர் சொன்னால்தான் வெள்ளிக்கிழமை பத்திரிகைக் கட்டைக் கொடுப்பேன் என்கிறார். அண்ணன் தம்பி பெயரைச் சொல்ல ஒரு பொம்பளைக்கு இவ்வளவு யோசனையா என்று மனசுக்குள் நினைத்திருப்பார். போன வாரம் உங்களைக் கேட்டேன். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டீர்கள். அது பெருந்தன்மையா, நழுவலா? எனக்கு நழுவலாகத்தான் பட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இதைக் கடைசிவரை படியுங்கள்.

அந்த இடத்துக்கு இரண்டு தம்பிமார் இருக்கிறார்கள். ஒருவன் போலகத்தில் என்னோடு பிறந்த ராஜ்மோகன். இன்னொருவன் இந்த ஊர் எனக்குக் கொடுத்த அன்பழகன். ஷர்மிளாவின் நெற்றியில் தாய்மாமன் என்று நின்று யார் பட்டம் கட்டுவது என்பதுதான் பேச்சு. ஒருவனுக்கு அந்த இடத்தைக் கொடுத்தால் இன்னொருவன் எனக்கு இல்லை. அப்படித்தான் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கே வரிசையாகப் பிடிபடுகிறது. நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு இந்த ஊர்ப் பஞ்சாயத்து என்னை என்ன கேட்கும் என்று நான் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். நெல் விளைவிக்கிற வீட்டுப் பெண்ணுக்கு மீன் கழுவத் தெரியுமா, கடற்கரையில் குடும்பம் நடத்துவாளா என்றெல்லாம் கேட்பார்கள் என்று நினைத்தேன். யாரும் அதைக் கேட்கவில்லை. "பொறந்த வீடு இல்லாத பொண்ண எப்படிய்யா மணையில உக்கார வைக்கிறது?" என்று மட்டும்தான் கேட்டார்கள். நாளைக்கு வளைகாப்பு என்றால் யார் வளையல் கொண்டுவருவது, பிரசவம் என்றால் எந்த வீட்டுக்குப் போவது, பெண் பிறந்து வயசுக்கு வந்தால் யார் ஓலை கட்டுவது, இவள் செத்தால் கோடித் துணி யார் போடுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து விசாலாட்சி அம்மா எழுந்தது. "எனக்குப் பொண்ணு இல்ல. இது எம்பொண்ணா இருந்துட்டுப் போவட்டும்" என்றது. உங்கள் வீட்டுக்கு அவர்கள் மாமன் மச்சான் முறை என்பதால் ஊரும் சரி என்று எழுந்துவிட்டது. அந்த வீட்டு வாசலிலிருந்துதான் என்னை அழைத்துவந்து தாலி கட்டினீர்கள். அம்மாவின் மகன் அன்பழகன்தான் மாலை எடுத்துக் கொடுத்தான்.

அன்றையிலிருந்து அவன் எனக்குத் தம்பி. சும்மா வாய்வார்த்தைக்குத் தம்பி இல்லை. ஷர்மிளா பெரியவளானபோது தாய்மாமன் குடிசைக்குப் பச்சை ஓலையை அவனே மரமேறி வெட்டினான். கட்டி முடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஓலை ஒழுகி அவள் நனைந்துவிடப் போகிறாள் என்று மழை விடுகிறவரை தார்ப்பாயைக் கையால் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றான். மறுநாள் காய்ச்சலில் படுத்தவன்கூட "ஏ அக்கா, எம்மருமவ நனையலல்ல?" என்றுதான் கேட்டான். நீங்கள் அப்போதும் பஹ்ரைனில்தான் இருந்தீர்கள்.

மேட்டில் என்னை இன்றைக்கும் போலகத்தா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது எனக்குப் பழகிவிட்டது. போலகத்தில் எனக்கு என்ன பெயர் என்று அப்பா செத்த அன்றைக்குத்தான் தெரிந்தது. பந்தலில் யாரோ ஒருவர் இன்னொருவரிடம், "மேட்டுக்காரி வந்திருக்கா" என்றார்.

அந்தச் சாவைப் பற்றி உங்களிடம் போனில் சொன்னதெல்லாம் பாதிதான். மீதியை இப்போது எழுதுகிறேன்.

பங்குனிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. விசாலாட்சி அம்மா காலையில் மீன்கூடையோடு போனது, போன வேகத்தில் திரும்பி வந்தது. கூடையில் மீன் அப்படியே இருந்தது. விற்காத மீனோடு அது திரும்பியதை நான் பார்த்ததே இல்லை. வாசலில் கூடையை இறக்கிவிட்டு, "கெளம்பு. உங்கப்பா போயிட்டாரு" என்றது. ராஜ்மோகன் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. இது எப்படி அறிந்துவந்தது, போலகத்தில் எங்கள் வீடு எது என்று இதற்கு எப்படித் தெரியும் என்று கேட்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை. அன்பழகன் குட்டியானை வண்டி பிடித்தான், மாலையும் கோடித் துணியும் வாங்கினான். நீங்கள் இல்லாததால் உங்கள் இடத்தில் அவன்தான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தான். தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூப்பிடாமலே ஏறிக்கொண்டார்கள்.

போலகத்தில் இப்போது யாரும் வாய்விட்டு அழுவதில்லை போலிருக்கிறது. ஐஸ் பெட்டியைச் சுற்றி பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வந்தவர்கள் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அடக்கமாகத்தான் நடந்து போனேன். பெட்டிக்குள்ளே அப்பா முகத்தைப் பார்த்ததும் என்ன ஆனதென்று எனக்கே தெரியவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு தலைவிரி கோலமாக, கடலில் போனவன் திரும்பாத வீட்டில் நம் பெண்கள் எப்படிக் கத்துவார்களோ அப்படிக் கத்தினேன். கூட வந்தவர்கள் என் தோளில் கைபோட்டு வளையமாக நின்று சேர்ந்து அழுதார்கள். தெருவே திரும்பிப் பார்த்தது. ராஜ்மோகன் பெண்டாட்டி சந்திரலேகா வந்து காதோரம் "அண்ணி, கொஞ்சம் மெதுவா. எல்லாரும் பாக்குறாங்க" என்றது. பெற்ற அப்பாவுக்கு அழுகிற அழுகையை இன்னொருவர் ஊரிலிருந்து கொண்டுவந்தவள் மாதிரி எனக்குக் கூச்சமாகிவிட்டது. நிறுத்தவும் முடியவில்லை. எனக்கு வேறு மாதிரி அழத் தெரியவில்லை.

பிறகு தண்ணீர் வந்தது. உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளர். நம் பெண்களுக்கு மட்டும் புதுக் கட்டைப் பிரித்துப் பேப்பர் கப். கூட்டத்துக்காக என்றால் எல்லோருக்கும் பேப்பர் கப் கொடுக்க வேண்டும் அல்லவா? எனக்கு எவர்சில்வர் டம்ளரைத்தான் நீட்டினார்கள். கையில் வாங்கிக்கொண்டு நான் முழித்தேன். விசாலாட்சி அம்மா அதைப் பார்த்துவிட்டு, "குடி, தொண்ட வறண்டு கெடக்குற" என்றது. குடித்துவிட்டேன். இன்னும் அது தொண்டையிலேயே நிற்கிறது.

அந்த நேரத்தில்தான் பங்காளி ஒருவர் கோடி போடுகிற வரிசை வைக்க வந்தார். விசாலாட்சி அம்மாவைப் பார்த்து, "நீங்க யாரும்மா? பொண்ணுக்கு மாமியாரா?" என்று கேட்டார். அது கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "நான் இவளுக்கு அம்மா" என்று பட்டென்று சொல்லிவிட்டது. மேட்டில் அது தினமும் சொல்கிற வார்த்தைதான். எங்கே உட்கார்ந்து சொல்கிறோம் என்று அதற்கு ஓடவில்லை. பெட்டியின் தலைமாட்டில் என்னைப் பெற்ற அம்மா உட்கார்ந்திருக்கிறது! ஐயோ, பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று எனக்கு ஆகிவிட்டது. ராஜ்மோகன் முகம் சிவந்து எழுந்தான்.

போலகத்து அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தது. "ஆமா, அவங்கதான்" என்றது. பாயில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டி, "இப்படி உக்காருங்க" என்றது. விசாலாட்சி அம்மா போய் உட்கார்ந்தது. இருவரும் பழகினவர்கள் மாதிரி ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பழகினவர்கள்தான் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கொஞ்சம் இருங்கள், அச்சகத்துக்காரர் மறுபடி கூப்பிடுகிறார்.

மத்தியானம்.

சாயங்காலம் சொல்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். சோறு வடித்தேன், சாப்பிடப் பிடிக்கவில்லை.

எங்கே விட்டேன்? ஆமாம், பழகினவர்கள். அப்பாவை எடுத்துக்கொண்டு போன பிறகு கொல்லைப்பக்கம் வைத்துப் போலகத்து அம்மா சொன்னது. எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து செவ்வாய்க்கிழமை தவறாமல் விசாலாட்சி அம்மா மீன்கூடையோடு போலகத்தில் எங்கள் தெருவுக்குப் போயிருக்கிறது. அடேயப்பா! பக்கத்திலேயே பட்டினச்சேரி மீன்காரிகள் இருக்கும்போது வடக்கே இருக்கிற இந்தம்மா காரைக்காலைத் தாண்டி அவ்வளவு தூரம் எதற்குப் போகிறது என்று ஒருநாளாவது நான் யோசித்தேனா? வாடிக்கை இருக்கிறது என்று சொல்லும், நானும் சரி என்பேன். வாடிக்கை எங்கள் வீடுதான். பொண்ணுக்கு உடம்பு எப்படி, என்ன பிள்ளை பிறந்தது, மாப்பிள்ளை குடிக்கிறாரா என்று மீன் ஆய்கிற நேரத்தில் அம்மா கேட்டுத் தெரிந்துகொள்ளும். நீங்கள் குடிப்பதில்லை என்று விசாலாட்சி அம்மா சத்தியம் செய்திருக்கிறது. தைப்பூசத்து விஷயத்தைச் சொல்லவில்லை போலும்.

அப்பாவுக்கும் தெரியுமாம். என் பெயரை எடுக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்ட மனிதர், செவ்வாய்க்கிழமை மட்டும் மீன்காரி போகிறவரை பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு வாசல் நாற்காலியை விட்டு அசைய மாட்டாராம். ஒரு வாரம் விசாலாட்சி அம்மாவுக்குக் காய்ச்சல். "இன்னக்கி மீன் வாங்கலையா?" என்று அப்பா விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாராம். அவருக்கு மீனே அவ்வளவாகப் பிடிக்காது. இதை எழுதும்போது எனக்குக் கண்ணை மறைக்கிறது. அப்படி என்ன பிடிவாதம்? கேட்டிருந்தால் ஓடி வந்திருக்க மாட்டேனா?

வண்டியில் திரும்பும்போது விசாலாட்சி அம்மாவிடம் சண்டை போட்டேன். இத்தனை வருஷம் என்னிடம் ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். உங்கம்மா சத்தியம் வாங்கியிருந்தாங்க என்றது. கொஞ்ச தூரம் வந்த பிறகு, "சொல்லியிருந்தா ஒனக்கு இங்க கால் ஊனியிருக்காதுடி. வாரா வாரம் தெக்கையே பாத்துக்கிட்டு நின்னுருப்ப" என்றது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு மூன்று நாள்தான் தீட்டு. நான்காம் நாள் தலைமுழுகிவிட்டு வந்து எப்போதும்போல மீன் கழுவினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ராஜ்மோகன் வந்தான். வந்தான் என்றால் வீட்டுக்கு இல்லை. மெயின் ரோட்டில், மேட்டுக்குத் திரும்புகிற முக்கில் வண்டியை நிறுத்திவிட்டுப் போன் செய்தான். அக்கா, ரோட்டுக்கு வாயேன் என்றான். வெயிலில் ஓடினேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றான். தெரிந்தவர் யாராவது அந்த வழியில் போனால் என்ன செய்வது என்ற பயம். பாவம், அப்பா மாதிரியே கண்ணோரம் சுருங்கிவிட்டது என்று கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன்.

அவனைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். கண் கலங்கித்தான் பேசினான். "அப்பா இருந்தவரைக்கும் முடியலக்கா. இனிமே நான் வர்றேன். எம்மருமவளுக்கு நானே வந்து பட்டம் கட்டுறேன்" என்றான். எனக்கு அங்கேயே அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அதற்குப் பிறகுதான் நிபந்தனை வந்தது. பத்திரிகையில் கோட்டுச்சேரிமேடு என்று போடாமல் காரைக்கால் என்று மட்டும் போட வேண்டுமாம். அன்பழகன் மேடை ஏறக் கூடாதாம். ஏனென்றால் ராஜ்மோகன் மகள் விஷ்ணுப்ரியாவுக்கு வரன் பார்க்கிறார்கள். மீன்காரி மகனோடு சரிசமமாகத் தாய்மாமன் வரிசையில் நின்றான் என்று யாராவது போட்டோ எடுத்துப் போட்டால் வருகிற இடம் போய்விடும் என்றான். "எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நாலு பேரு கேப்பாங்கல்ல?" என்றான். அந்த நாலு பேர் யார் என்று கேட்க வாய் வரை வந்தது. அவனுக்கும் தெரியாது. அப்பாவையும் அந்த நாலு பேர்தான் வாசல் நாற்காலியில் கட்டிப்போட்டார்கள்.

போகும்போது வண்டியில் கட்டி எடுத்துவந்த அரிசி மூட்டையை இறக்கிக் கொடுத்தான். அப்பா கடைசியாக நின்று அறுத்த தாளடி நெல்லாம். மூட்டையை வைத்துக்கொண்டு நான் ரோட்டோரம் நிற்கிறேன், தூக்க முடியவில்லை. அன்பழகன் வண்டியில் வந்தான். ரோட்டில் நாங்கள் பேசிக்கொண்டிருந்ததை யாரோ பார்த்து அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். மூட்டையைத் தூக்கி முன்னால் வைத்துக்கொண்டு, "ஏறுங்கக்கா" என்றான்.

"ஏ அக்கா, ஏறு" என்று கத்துகிறவன் "ஏறுங்கக்கா" என்றான். வீட்டில் இறக்கிவிட்டு, "எங்க வைக்கட்டும், சொல்லுங்க" என்றான். அன்றையிலிருந்து எனக்கு அவன் மரியாதை கொடுக்கிறான். அதற்கு என்னை இரண்டு அடி அடித்திருக்கலாம். நான் என்னடா இது என்று கேட்டதற்கு, "ஒடம்பொறப்பு வந்துட்டாருல்ல. நான் ஒதுங்கிக்கிறதுதான மொற" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். பட்டம் செய்ய காரைக்காலில் சொல்லி வைத்திருந்தானே, அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம்.

ஊரைக் கேட்கவே வேண்டாம். மீன்பிடித் தடைக்காலம், லாஞ்செல்லாம் கட்டிக் கிடக்கிறது, ஆம்பிளைகளுக்கு என் வீட்டுக் கதையைத் தவிர வேறு வேலை இல்லை. ரத்தம் ரத்தம்தான், அவ பொறந்த எடத்துக்குப் போவட்டும் என்கிறார்கள் சிலர். பஞ்சாயத்துத் தலைவர் என்னைக் கூப்பிட்டு நல்லதனமாகத்தான் சொன்னார். "ஒரு பொம்பளைக்கு ரெண்டு பொறந்த வூடு ஏதும்மா? ஒண்ண முடிவு பண்ணிக்க" என்றார். மாப்பிள்ளை வீட்டாரும் தாய்மாமன் சீர் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டார்கள். ஷர்மிளாவைக் கேட்டேன். அவள் உங்கள் மகள்தானே. "எனக்கு அன்பு மாமாதான். ஆனா நீ அழுதா ரெண்டு நாளைக்கு வீட்ல யாருக்கும் சோறு கெடைக்காது, அதனால நீயே சொல்லு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

நான் எதைச் சொல்வேன்? ராஜ்மோகன் வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. வெட்கமில்லாமல் ஆசையாக இருக்கிறது. போலகத்து நாலு பேர் நடுவில் அவன் என் மகளுக்குப் பட்டம் கட்டினால் நான் ஓடிப்போனவள் இல்லை என்று ஆகிவிடும். அந்த ஆசை வந்த கையோடு அந்தப் பேப்பர் கப் ஞாபகம் வருகிறது. மேட்டுக்காரி என்றால் அங்கே கோபம் வந்தது. போலகத்தா என்றால் இப்போதெல்லாம் இங்கேயும் சுருக்கென்கிறது. எனக்கே என்னைப் பிடிபடவில்லை.

மூட்டையைப் பிரித்து அந்த அரிசியில் விசாலாட்சி அம்மாவுக்குக் கொஞ்சம் கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொள்ளாது என்று நினைத்தேன். வடித்து, கெளுத்திக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "ஒங்கப்பா வெளச்சல் நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் தண்ணி சேத்து வையி" என்று எனக்குப் பக்குவம் சொல்லிவிட்டுப் போனது. கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயங்காலம்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். இதற்காகத்தான் மறுபடி பேனாவை எடுத்தேன்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. காலையில் விசாலாட்சி அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். காரைக்கால் மார்க்கெட்டுக்கு என்று நினைத்தேன். சற்று முன்னால் வந்தது. நம் வாசலில் கூடையை இறக்கி வைத்தது. கூடையில் ஈரமே இல்லை. மீன் வாடைகூடப் பழைய வாடைதான். எங்கே போய் வருகிறாய் என்றேன். போலகம் என்றது. துக்க வீட்டில் மீன் வாங்க மாட்டார்களே என்றேன். "மீன் எடுத்துக்கிட்டுப் போவல. கூட இல்லாமப் போனா எதுக்கு வந்தேன்னு தெருவுல கேப்பாங்கல்ல?" என்றது.

வெறுங்கூடையைச் சுமந்துகொண்டு இரண்டு பஸ் மாறிப் போய்வந்திருக்கிறது. தலையில் சும்மாட்டுத் துணி வேறு சுற்றியிருந்தது.

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, அம்மா சொல்லி அனுப்பியதைச் சொன்னது. தாலி அறுத்த வருஷம், தன்னால் கல்யாணத்துக்கு வர முடியாது, பேத்தியை மனசாலேயே ஆசீர்வாதம் செய்துகொள்கிறேன் என்று சொன்னதாம். பிறகு, "தம்பி வந்தா சேத்துக்கச் சொல்லுங்க" என்று விசாலாட்சி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுததாம். ராஜ்மோகனைச் சேர்த்துக்கொண்டால் அன்பழகனுக்கு இடம் இல்லை என்பது இதற்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் பெற்ற மகனை ஒதுக்குகிற சேதியை ஒரு சொல் குறைக்காமல் கொண்டுவந்து என் வாசலில் வைத்தது. "பாவம், பெத்தவ மனசு. யோசிச்சுச் செய்யி" என்று சொல்லிவிட்டு வெறுங்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனது.

அது தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே வந்து அச்சகத்துக்குப் போன் போட்டேன். தாய்மாமன் அன்பழகன், கோட்டுச்சேரிமேடு என்று போடச் சொன்னேன். நம் பெயருக்குக் கீழேயும் கோட்டுச்சேரிமேடு என்று முழுசாகப் போடச் சொன்னேன். அவ்வளவுதானா என்று கேட்டார். ராஜ்மோகன் பெயரைக் கீழே போடலாமா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. போடவில்லை. அந்தக் காகிதத்தை யாராவது விஷ்ணுப்ரியாவைப் பார்க்க வருகிறவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுவார்கள். அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை. அவள் கல்யாணம் என்னால் நிற்க வேண்டாம்.

இனி உங்களால் ஆக வேண்டியது. பெண்ணைப் பெற்றவர்தான் தாய்மாமனை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். நீங்கள் வந்து சேரும்போது கல்யாணம் வாசலுக்கு வந்துவிடும். அதனால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அன்பழகனுக்குப் போன் செய்து மச்சான் என்று கூப்பிட்டுப் பேசுங்கள். ஸ்பீக்கரில் போடாதீர்கள். வெற்றிலை பாக்கை நான் கொண்டுபோய் வைக்கிறேன். நிறுத்திய பட்டத்தை மறுபடி செய்யச் சொல்லட்டும். வந்து என்னிடம் பழையபடி கத்தச் சொல்லுங்கள். இன்னொரு தரம் "வாங்க" என்றால் எனக்குத் தாங்காது.

இன்னொன்றும் இருக்கிறது. பட்டம் தாய்மாமன் வாங்கி வர வேண்டியது, தெரியும். இருந்தாலும் நான் ஒன்று வாங்கி வைக்கப் போகிறேன். அன்பழகன் கொண்டுவருவதோடு சேர்த்துத் தட்டில் இரண்டு பட்டம் இருக்கும். கடைசி நேரத்தில் மனசு கேட்காமல் ஓடி வருகிறவன் கையில் எதுவும் இருக்காது. வெறுங்கையோடு அவன் மேடைக்குக் கீழே நிற்கக் கூடாது. ஊரில் யாராவது இரண்டாவது யாருக்கு என்று கேட்டால் நீங்கள்தான் ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும். நான் மண்டப வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தால் ஏன் என்று கேட்காதீர்கள். தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, கடைசி ஆள் கிளம்புகிறவரை அந்தத் தட்டை மட்டும் யாரும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கபீர் வாசலில் வந்து நிற்கிறார். கடலில் கவனம். நல்லபடியாக வந்து சேருங்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
தாமரைச்செல்வி